சந்தியில் நிற்பதற்கு ஒரு சட்டம்

எங்கள் பிரதேச சபையில் சண்டை இல்லாத மாதம் என்றால் அந்த மாதம் கூட்டமே நடக்கவில்லை என்று அர்த்தம். குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரம் பற்றிச் சண்டை, மயானத்து மதில் பற்றிச் சண்டை, சண்டைக்கு நடுவில் வருகிற பாலில்லாத பிளேன்ரீயில் சீனி கூடிப்போனது பற்றி இன்னொரு சண்டை. நான் பெண்களுக்கு ஒதுக்கிய பட்டியலில் உறுப்பினராக உள்ளே வந்தவள். வந்த புதிதில் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். திறந்ததை இன்னும் மூடவில்லை என்று தவிசாளர் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். வன்னியில் பெரிய வீதியோரம் இருக்கிற ஒரு சின்னப் பட்டினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையம், வங்கி, புடவைக்கடை, நடுவில் ஒரு சந்தி. அந்தச் சந்தியில் விடியக்காலையிலேயே பெண்கள் வந்து நிற்பார்கள். சேலைக்கு மேலே ஆண்களின் பழைய நீளக்கைச் சேட்டு, கையில் சாப்பாட்டுப் பை. தோட்டக்காரர்கள் உழவு இயந்திரத்தில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, விரலைக் காட்டி ஆள் எடுப்பார்கள். கச்சான் கடலை பிடுங்க, வெங்காயம் நட, வயலில் புல் எடுக்க. ஏறினவர்களுக்கு அன்றைக்குக் கூலி. ஏறாதவர்கள் திரும்பி வீட்டுக்கு நடப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் அக்காவும் ஒருத்தி. எங்கள் அப்பா தேயிலை மலையிலிருந்து இந்தப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினவர். அக்காவின் பேச்சில் இன்னும் அந்த மலை இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்தோடு சேர்த்து இந்த ஊர்ப் பேச்சையும் படித்துக்கொண்டேன். வீட்டில் 'ஆமா', சபையில் 'ஓம்'. அக்காவுக்குக் காணி இல்லை, அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் சந்தியில் நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியும், நிற்காவிட்டால் எரியாது. அவளுடைய சீவியம் அவ்வளவுதான்.

அதில்தான் சபை கை வைத்தது.

ஒரு பின்னேரம் பஸ் நிலையத்தடியில் மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர், புடவைக்கடை முதலாளியின் மைத்துனியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பாவம், கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. புடவைக்கடை முதலாளி எங்கள் சபையில் உறுப்பினர். மனிதர் அடுத்த கூட்டத்திலேயே ஒரு பிரேரணையோடு வந்தார். பட்டினத்தின் மத்தியில், தக்க காரணம் இல்லாமல், ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி நிற்கக்கூடாது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவாம்.

களவெடுத்தது இரண்டு பேர். சட்டம் ஐந்து பேருக்கு. ஓடினவனை விட்டுவிட்டு நிற்கிறவனைப் பிடிக்கிற சட்டத்தை நான் என் சீவியத்தில் அப்போதுதான் கண்டேன்.

சட்டத்தை எழுதிக்கொண்டு வரும்படி செயலாளரிடம் சொன்னார்கள். அவர் தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பின்னேரம் ஆனால் அவர் காதில் பஸ் ஹோர்ன் மட்டும்தான் கேட்கும். சபையிடம் வடிவாக எழுதிய பழைய சட்டம் ஒன்று இருந்தது. கட்டாக்காலியாகத் திரிகிற மாடுகளைப் பிடிக்கிற சட்டம். அதைக் கணினியில் எடுத்து, மாடு என்று வருகிற இடமெல்லாம் ஆள் என்று மாற்றிவிட்டு, மனிதர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மறுநாள் தொடர்ந்த கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"பட்டினத்தில் பொறுப்பாளரின்றித் திரியும் ஆட்கள் பிடிக்கப்பட்டு, சபையின் பட்டியில் அடைக்கப்படுவர்."

தவிசாளர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். யார் எதை வாசித்தாலும் அவர் தலையை ஆட்டுவார்.

"உரிமையாளர், தொடையில் சுட்ட குறியைக் காட்டி, தண்டப்பணம் செலுத்தி, ஆளை அவிழ்த்துச் செல்லலாம். கன்றுடன் பிடிபடும் ஆட்களுக்கு வைக்கோல் செலவு தனியாக அறவிடப்படும். உரிமை கோரப்படாத ஆட்கள் பகிரங்க ஏலத்தில் விடப்படுவர்."

கடைசி வரியை வாசிக்கும்போதுதான் செயலாளரின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எங்கள் சபையில் எதிர்ப்பக்கத்து உறுப்பினர். அவர் எழுந்தார்.

"தவிசாளர் அவர்களே, என்னைப் பிடிச்சுக் கட்டினால் மனிசி வந்து அவிழ்ப்பா எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. நேர ஏலத்துக்கே விடுங்கோ. ஆனா விலை போவன் எண்டும் நினைக்கேல்லை."

நான் சிரித்த சிரிப்பில் பிளேன்ரீ மூக்கால் வந்தது. தவிசாளர் மேசையில் தட்டினார், ஆனால் அவர் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. புடவைக்கடை முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "மாட்டை எடுத்து விடுங்கோ. ஐஞ்சு பேரை விடாதேங்கோ" என்றார். மாட்டை எடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் மிஞ்சினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த விவாதம் ஐயோ கடவுளே. கூட்டம் என்றால் என்ன என்று வாத்தியார் கேட்டார். ஐந்து பேர் என்றார் முதலாளி.

"அப்ப நாலு பேர் நிண்டு கதைச்சால் குற்றமில்லை?"

"இல்லை."

"ஐஞ்சாவது ஆள் வந்து, என்ன விசயம் எண்டு கேட்டால்?"

"அவர் குற்றவாளி."

"அவருக்கு விசயத்தைச் சொல்லிப்போட்டு முதலாவது ஆள் போயிட்டார். பொலிஸ் வரேக்க நாலு பேர்தான். இப்ப ஆர் குற்றவாளி?"

முதலாளி கொஞ்சம் யோசித்து, "விசயத்தைச் சொன்னவர்" என்றார்.

"சரி, செத்த வீடு எண்டு வையுங்கோ. பாடையை நாலு பேர் காவினம். பிரேதத்தோட ஐஞ்சு."

"பிரேதம் நிக்கிறேல்லை. படுத்திருக்கு" என்று பாய்ந்தார் முதலாளி. உடனே இரு பக்கமும் எழும்பிக் கத்தத் தொடங்கியது. படுத்திருப்பவரை ஆளாக எண்ணுவதா இல்லையா என்று ஒரு பிரிவு, பறையடிப்பவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று இன்னொரு பிரிவு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனம் சந்தியில் நின்று தண்ணீர் குடித்தால் என்ன செய்வது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நடக்கிறவர்களுக்குச் சட்டம் இல்லை, ஆனால் நடந்துகொண்டே குடிக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அம்மன் காதில் இது விழுந்திருந்தால் எங்கள் சபைக் கூரை அன்றே எரிந்திருக்கும்.

நான் எழுந்தேன். "காலமையில சந்தியில நிக்கிற பொம்பிளையள் வேலைக்குத்தான் நிக்கினம். அதுவும் குற்றமோ?"

முதலாளி மிகவும் மரியாதையாகத் திரும்பினார். அவர் எப்போதும் மரியாதைதான், சேலை விற்கிற வாய் அல்லவா. "அம்மா, நான் அவையை நிக்கவேண்டாமெண்டு சொல்லேல்லை. உங்கட ஆக்களைச் சந்தைக்குப் பின்னால போய் நிக்கச் சொல்லுங்கோவன். கடைக்கு முன்னால நிண்டால் நல்ல சனம் வரப் பயப்படுது."

உங்கட ஆக்கள், அதாவது மலையிலிருந்து வந்தவர்கள். நல்ல சனம். எனக்குக் காது சுட்டது.

"எங்கட ஆக்களெண்டால் ஆர் ஐயா? உங்கட கச்சான் தோட்டத்தில புடுங்கின ஆக்களோ? சந்தைக்குப் பின்னால உழவு இயந்திரம் திரும்புமோ? திரும்பாத இடத்தில நிண்டால் ஆர் வந்து ஏத்துவினம், எமனோ?"

"அம்மா, இருங்கோ, இருங்கோ" என்றார் தவிசாளர். நல்ல வேளையாக வடை வந்தது. எங்கள் சபையில் பல சட்டங்களை வடைதான் தடுத்திருக்கிறது. வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, எல்லாரும் ஒரு நாள் விடியப் போய்ச் சந்தியை நேரில் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள்.

அன்றிரவு அக்காவிடம் சொன்னேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "சந்தைக்குப் பின்னாடியா? அங்க நாய்கூட நிக்காதே" என்றாள். பிறகு திருவுவதை நிறுத்தினாள். "நெசமாவே நிறுத்திருவாங்களாடி?" அவள் குரலில் பயம் இருந்தது. அவளுக்குப் பயந்து எனக்குப் பழக்கமே தவிர, அவள் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

பார்க்கப் போகிற நாளுக்குத் தவிசாளர் ஒரு கட்டளை போட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனால் சனம் கண்டுபிடித்து, மதகு உடைந்தது, குழாய் உடைந்தது என்று சுற்றிக்கொள்ளும். ஆகவே எல்லாரும் சாதாரணமாக வரவேண்டும். இவர்களுக்குச் சாதாரணம் என்றால் வீட்டில் கட்டுகிற சாரமும் கொலர் கிழிந்த சேட்டும்தான். தோளில் துவாய். தவிசாளரின் தலையில் ஒரு குரங்குத்தொப்பி, பனி என்று. வாத்தியாருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்று மனைவி புட்டுப் பார்சலைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். நானும் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். குளிருக்கு அதுதான் நல்லது.

சபை வருகிறது என்று கேள்விப்பட்டு, பெண்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் மதகடியில் போய் ஒதுங்கி நின்றார்கள். சந்தியில் நாங்கள் மட்டும். மங்கல் வெளிச்சத்தில், சாரத்தோடும் பையோடும், புடவைக்கடை முன்னால் ஒரு கும்பலாக.

உழவு இயந்திரம் ஒன்று டக் டக் என்று வந்து எங்கள் முன்னால் நின்றது. விசுவமடுப் பக்கத்துத் தோட்டக்காரர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கச்சான் புடுங்க ஆக்கள் வேணும். இதென்ன, இண்டைக்கு ஆம்பிளையள் வந்து நிக்கிறியள்?"

அவர் விரலை நீட்டினார். தவிசாளரைக் காட்டி, "தொப்பிக்காரர் பரவாயில்லை. ஏறும்" என்றார். தவிசாளரின் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் என் கண்ணால் கண்டேன். வாத்தியாரைக் காட்டி, "நீங்கள் வயசாளி, இருந்துகொண்டு காய் ஆயலாம்" என்றார். வாத்தியார் உண்மையாகவே, "எவ்வளவு தருவியள்?" என்று கேட்டார். விரல் புடவைக்கடை முதலாளியிடம் வந்தது. வந்து நின்றது. அப்படியே அவரைத் தாண்டிப் போய்விட்டது.

முதலாளிக்கு அதைத் தாங்கமுடியவில்லை. "ஏன், எனக்கென்ன?" என்றார்.

"உங்கட வயிறு முன்னுக்கு நிக்குது ஐயா."

"நான் ஆரெண்டு தெரியுமோ உமக்கு?"

"ஆராயும் இருங்கோ. குனிவியளோ?"

முதலாளி கத்தத் தொடங்கினார். தன் கடை எது, தன் காணி எவ்வளவு, தான் சபையில் யார் என்றெல்லாம் சொன்னார். தோட்டக்காரர் நம்பவில்லை. கிழிந்த கொலரைப் பார்த்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். தவிசாளர் ஒரு காலைப் பெட்டியில் வைத்தபடி, "விடுங்கோ, விடுங்கோ" என்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

அதை வரவழைத்ததே முதலாளிதான். சந்தியில் கூட்டம் கூடுவது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்குக் காட்ட, முதல் நாளே போன் பண்ணி, விடிய ஒரு ஆளை அனுப்பும்படி கேட்டிருந்தார். வந்தவர் ஊருக்குப் புதிது, இளம் ஆள். கடைக்கு முன்னால் சாரம் கட்டின ஒரு கும்பல் கத்திக்கொண்டு நிற்பதைக் கண்டார். "எல்லாரும் ஐசி காட்டுங்க" என்றார்.

சாரத்தில் பொக்கற் ஏது? ஒருவரிடமும் அடையாள அட்டை இல்லை. வன்னியில் பிறந்து, வளர்ந்து, இத்தனை சோதனைச் சாவடி கண்ட மனிதர்கள், ஐசி இல்லாமல் வீதிக்கு வந்து நின்றார்கள். பதவி வந்தால் அதுதான் முதலில் மறந்துபோகும் போல. நானும் கொண்டுபோகவில்லை, பிறகு மற்றவர்களைச் சொல்லி என்ன?

"இவர் தவிசாளர்" என்றார் முதலாளி. பொலிஸ்காரர் குரங்குத்தொப்பியைப் பார்த்தார்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து என் அக்கா வீதியைக் கடந்து வந்தாள். பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கேட்காமலே சேட்டுக்குள் கையை விட்டு, பொலித்தீன் உறையில் சுற்றிய ஐசியை எடுத்து நீட்டினாள். பொலிஸ்காரர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இவங்க யாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்று எங்களைக் காட்டிக் கேட்டார்.

அக்கா எங்களை மெதுவாக ஒரு முறை பார்த்தாள். முதலாளியிடம் கொஞ்சம் கூடவே நின்று பார்த்தாள்.

"தெரியும் சார். நம்ம ஆளுங்கதான். பாவம், விட்டுருங்க."

"உரிமையாளர் வந்து அவிழ்த்திட்டா" என்று வாத்தியார் என் காதில் சொன்னார். நான் அந்த இடத்திலேயே விழுந்து சிரித்தேன். பொலிஸ்காரர் போனார். தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, வழக்கமான பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். அக்காவும் ஏறினாள். தவிசாளர் காலைக் கீழே எடுத்துவைத்தார். அவ்வளவு பேரில் தன்னைத்தான் முதலில் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று பின்னேரமே கூட்டம் வைத்தார்கள். முதலாளி தன் பிரேரணையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "நிக்கிறவை நிக்கட்டும். கடைப்படியில வெத்திலை துப்பாமல் நிண்டால் சரி" என்றார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பஸ் நிலையத்தடியில் எரியாமல் கிடக்கிற மின்குமிழ்களை மாற்றுவது என்று முடிவானது. சங்கிலி அறுத்த அன்றே அதைச் செய்திருக்கலாம். ஆனால் அதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நான் பேக்கரியில் லட்டு வாங்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டியலில் என் பெயர் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோசம் இல்லை. அக்கா நிலத்தில் காலை நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே உங்கள ஒருத்தரும் ஒண்ணும் செய்ய முடியாது. சந்தியில நிக்கலாம். சபையில முடிவாகிருச்சு!"

அவள் லட்டை எடுத்துக் கடித்தாள். "நிக்கலாம்னு சொல்றதுக்கா இத்தன பேரு கூடிப் பேசுனீங்க?"

"அப்புறம்?"

"நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டுதான் இருந்தேன். நீங்கதான் இடையில வந்து நிறுத்தப் பாத்தீங்க. இப்ப நீங்களே நில்லுன்னு சொல்றீங்க." இன்னொரு கடி கடித்தாள். "இத்தன வருசத்துல, கொஞ்சம் உக்காருங்கம்மான்னு ஒருத்தன் சொன்னதில்ல. முட்டி ரெண்டும் விட்டுப் போச்சுடி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் லட்டைத் திருப்பிப் பறிக்கலாம் போல இருந்தது. எவ்வளவு கத்தினேன், எவ்வளவு பேரைப் பகைத்துக்கொண்டேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? பிறகு அவள் முழங்காலைப் பார்த்தேன். இரண்டும் வீங்கி மினுங்கிக்கொண்டிருந்தன. எண்ணெய்ப் போத்தலை அவளிடமிருந்து வாங்கி நானே தேய்த்தேன். அழுகை வந்தது. அவள் அதைக் காணாத மாதிரி அடுத்த லட்டை எடுத்தாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சந்தியில் உட்கார ஒரு நீள வாங்கும் மேலே ஒரு தகரக் கூரையும் வேண்டும் என்று நான் பிரேரித்தேன். முதலாளி எழுந்தார்.

"வாங்கு போட்டால் ஆக்கள் வந்து இருப்பினம்."

"அதுக்குத்தானே வாங்கு" என்றார் வாத்தியார்.

"இருந்தால் எழும்பமாட்டினம். கனபேர் சேருவினம். ஒரு வாங்கில எத்தினை பேர் இருக்கலாம் எண்டு முதல்ல ஒரு சட்டம் வேணும்."

"ஐஞ்சு பேரோ?" என்று யாரோ கேட்டார்கள். நான் மேசையில் ஓங்கி அடித்தேன். தண்ணீர்க் கிளாஸ் சரிந்து செயலாளரின் மடியில் ஊற்றியது.

"அம்மா, அம்மா, கோவிக்காதேங்கோ" என்றார் தவிசாளர். "முதல்ல நீங்கள் இருங்கோ. இருந்து கதையுங்கோ."

பின்னால் என் கதிரை இருந்தது. மெத்தை வைத்த கதிரை. மேலே மின்விசிறி சுற்றியது.

"எனக்குக் கதிரை தந்திருக்கிறியள் ஐயா, நான் எப்பவும் இருக்கலாம்" என்றேன். "விடியக்காலையில என்ர அக்கா எங்க இருக்கிறது?"

அன்று கூட்டம் முடியும்வரை நான் அந்தக் கதிரையில் இருக்கவே இல்லை. பின்னேரம் ஆனபோது முழங்கால் இரண்டும் நொந்தன.